சிறுபடையின் சுமைவிமானம்: ஒரு தேர்வும் சில கேள்விகளும்

இலக்கியம் பேசும் பக்கத்தில் இராணுவச் சரக்கு விமானத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். திருக்குறளின் பொருட்பாலை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்திவரும் நமக்கு இது அப்படியொன்றும் அந்நியமான பொருளாகப் படவில்லை. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரையிலான நான்கு அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒரு காரியத்தில் இறங்குமுன் ஆள்வோர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே இந்த நான்கின் பேச்சு. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் இந்தத் தலைப்புகளுக்கு நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமென்று தேடினால், சிறிய நாடொன்று தன் விமானப்படைக்குச் சரக்கு விமானம் வாங்கிய கதையைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

போர் விமானங்களைப் பற்றி எழுதுவோர் ஏராளம். அவற்றின் வேகத்தையும் ஏவுகணைகளையும் பட்டியலிடும் கட்டுரைகளை நாளிதழ்களின் ஞாயிறு மலர்கள்கூட வெளியிடுகின்றன. சரக்கு விமானத்துக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. அது மாட்டுவண்டியின் இனம். ஆயினும் சிறிய படையொன்றின் அன்றாட வாழ்வு அந்த வண்டியின் அச்சில்தான் சுழல்கிறது. இதை நியூசிலாந்தின் அனுபவத்தை வைத்துப் பேச விரும்புகிறோம். ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்களே வாழும் அந்த நாடு, 2001இல் தன் ஸ்கைஹாக் போர் விமானங்களை ஓய்வுபெறச் செய்தது. ஹெலன் கிளார்க் தலைமையிலான அன்றைய அரசு, அவற்றுக்கு மாற்றாக வேறு போர் விமானம் எதையும் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தது. அம்முடிவு சரியா தவறா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. அதற்குப்பின் அப்படையின் முதுகெலும்பாக எஞ்சியவற்றுள் முதன்மையானவை சரக்கு விமானங்களே என்பதில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆக்லாந்து நகரையடுத்த வெனுவாபாய் தளத்தில் இயங்கும் 40ஆம் படையணியிடம் ஐந்து ஹெர்குலிஸ் விமானங்கள் இருந்தன. அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் சி-130எச் என்னும் வகையைத் தயாரிக்கத் தொடங்கியபோது உலகிலேயே முதலில் அதனைப் பெற்றுக்கொண்ட படை நியூசிலாந்தினுடையது. 1965இல் மூன்று வந்தன. 1969இல் மேலும் இரண்டு. அந்த ஐந்தும் 2020களிலும் பறந்துகொண்டிருந்தன. இறுதி விடை கொடுத்தது 2025 ஜனவரி 31 அன்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! தாத்தா ஓட்டிய விமானத்தைப் பேரன் ஓட்டத்தக்க காலம் இது. சிக்கனத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடுவோரும் உண்டு. நாம் அவர்களோடு முழுதும் உடன்படவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் இடம். நியூசிலாந்தின் சரக்கு விமானத்துக்கு இரண்டு திசைகள் உண்டு. தெற்கே அண்டார்க்டிகா, வடக்கே பசிபிக் தீவுகள். கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து பனிக்கண்டத்தில் உள்ள ஸ்காட் தளம் ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். நடுவில் இறங்க நிலமில்லை, கடல்தான். பழைய ஹெர்குலிஸ் அத்தொலைவைக் கடக்க எட்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். எரிபொருள் கணக்குப்படி ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் திரும்ப இயலாது. பனியில் இறங்கியே ஆகவேண்டும். இது ஏட்டளவிலான அச்சமன்று. 2013 அக்டோபரில் அப்படையின் போயிங் 757 விமானமொன்று நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுமந்துகொண்டு அந்த எல்லையைத் தாண்டிய பிறகு இறங்குதளத்தைப் பனிமூட்டம் கவிந்துகொண்டது. வானிலேயே வட்டமடித்துக் காத்திருந்தும் மூட்டம் விலகவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டிய குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே வந்து, ஏறக்குறையக் கண்ணைக் கட்டிக்கொண்டதுபோல் இறக்கினார்கள். எவருக்கும் காயமில்லை. விமானத்தின் வீச்சு என்று விற்பனைத் தாளில் அச்சிடப்படும் எண்ணுக்கு உயிரின் விலை உண்டு என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

வடக்குத் திசையின் தேவை வேறுவிதம். 2022 ஜனவரி 15 அன்று டோங்கா நாட்டில் கடலடி எரிமலை வெடித்தது. கடலடிக் கம்பிவடம் அறுந்து நாடே வெளியுலகத் தொடர்பை இழந்தது. விமானநிலைய ஓடுபாதை முழுதும் சாம்பல். மக்கள் மண்வாரிகளையும் தள்ளுவண்டிகளையும் கொண்டு அச்சாம்பலை அள்ளி அகற்றினார்கள். ஜனவரி 20 அன்று நியூசிலாந்தின் ஹெர்குலிஸ் ஒன்று தண்ணீரும் நிவாரணப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு அங்கே இறங்கியது. அதே நாளில் ஆஸ்திரேலியாவின் சி-17 விமானமும் வந்தது. இங்கே வேண்டியிருந்தது நெடுந்தூரப் பாய்ச்சலும் பெரும் வேகமும் அல்ல. சீர்கெட்ட ஓடுபாதையில் இறங்கி, ஏற்றியிறக்கும் கருவிகள் எதுவும் இல்லாத இடத்திலும் பின்கதவைத் திறந்து சரக்கைத் தள்ளிவிட்டுத் திரும்பும் திறனே வேண்டியிருந்தது. ஒரே விமானம் பனிக்கண்டத்தின் தொலைவுக்கும் தீவின் குறுகிய ஓடுபாதைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். பெரிய படைகள் இவ்விரண்டுக்கும் தனித்தனி விமானம் வைத்துக்கொள்கின்றன. சிறுபடைக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்தது காலம். நியூசிலாந்து இடறியது இங்கேதான் என்பது நம் கருத்து. 2000களின் தொடக்கத்தில் அந்த ஐந்து ஹெர்குலிஸும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தன. புதியன வாங்கலாமா, பழையனவற்றைச் செப்பனிடலாமா என்ற கேள்விக்குச் செப்பனிடலாம் என்று விடை கண்டார்கள். 2004இல் ஆயுள் நீட்டிப்புத் திட்டம் தொடங்கியது. அது குறித்த காலத்தைவிட ஆண்டுக்கணக்கில் பிந்தியது. ஐந்தே விமானங்கள் உள்ள படையில் ஒன்றோ இரண்டோ பட்டறையில் நீண்டகாலம் கிடந்தால் மிஞ்சியவற்றின் மேல் சுமை ஏறும். சுமை ஏறிய விமானம் விரைவில் தேயும். பழையதைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடே பழையதை மேலும் முதுமையாக்கியது.

2015ஐ ஒட்டி இன்னொரு வாய்ப்பு வந்தது. சி-17 என்னும் பெருவிமானத்தின் தயாரிப்பை போயிங் நிறுவனம் நிறுத்தவிருந்தது. மொத்தம் 279 விமானங்களோடு கலிஃபோர்னியாவின் லாங்பீச் ஆலை மூடப்படும் நிலை. வாங்குவோருக்கென ஒதுக்கப்படாமல் சில விமானங்கள் மிஞ்சியிருந்தன. நியூசிலாந்து அரசு அவற்றை வாங்குவது பற்றி ஆராய்ந்தது. ஆராய்ந்து முடிப்பதற்குள் பிறர் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தவறவிடல் நல்லதாகவே முடிந்தது என்று நாம் கருதுகிறோம். அதற்குரிய காரணம் கீழே வருகிறது. ஆனால் யோசித்துக் கைவிடுவது வேறு, யோசித்துக்கொண்டிருக்கும்போது கைநழுவிப்போவது வேறு. முதலாவதன் பெயர் முடிவு. இரண்டாவதற்கு அப்பெயர் பொருந்தாது.

தள்ளிப்போட்ட காலத்தின் விளைவுகள் உலகறிய வந்து சேர்ந்தன. 2016 அக்டோபரில் இந்தியாவுக்குப் புறப்பட்ட பிரதமர் ஜான் கீயின் 757 விமானம் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் பழுதாகி நின்றது. அவருடைய மும்பை நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. 2022 அக்டோபரில் ஸ்காட் தளத்துக்குச் சென்ற பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், ஹெர்குலிஸ் பழுதானதால் இத்தாலியப் படையின் ஹெர்குலிஸில் ஏறித் திரும்பினார். 2024 ஜூனில் ஜப்பானுக்குச் சென்ற பிரதமர் கிறிஸ்டஃபர் லக்சனின் 757 போர்ட் மோர்ஸ்பியில் நின்றுபோக, அவர் பயணிகள் விமானத்தில் போய்ச் சேர்ந்தார். பிரதமர்கள் மாட்டிக்கொண்டால் செய்தி, கேலிச்சித்திரம் போடுவார்கள். அதே பழுது புயலடித்த தீவுக்குப் புறப்பட்ட நாளில் வந்தால் செய்தியாளர் எவரும் உடன் இருக்கமாட்டார். தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் இன்னொரு நாள் காத்திருப்பார்கள், அவ்வளவே. ஆகவே பிரதமர்களின் அவமானத்தைவிட, செய்தியில் வராத அந்தக் காத்திருப்பே நம்மை அதிகம் உறுத்துகிறது.

இனி வலி. இச்சொல்லை வள்ளுவர் ஆளும் பொருளில், வலிமை என்றே நாமும் ஆள்கிறோம். 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஒரு சிறுபடை நோக்கத்தக்க சரக்கு விமானங்கள் நான்கைந்து இருந்தன. ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ400எம் பெரியது, 37 டன் வரை சுமக்கும், அகன்ற வயிறு. ஆனால் அதன் வரலாறு நீண்ட தாமதங்களின் வரலாறு. 2015 மே மாதம் செவில் நகருக்கு அருகே சோதனைப் பறப்பில் ஒன்று விழுந்து நால்வர் மாண்டனர். எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குத் தேவையான தரவு அழிந்துபோனதே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஜப்பானின் கவாசாகி சி-2, 2017இல் சொந்தப் படையின் சேவைக்கு வந்தது. 2020 வரை வெளிநாடு எதுவும் அதை வாங்கியிருக்கவில்லை. பிரேசிலின் எம்பிரேயர் நிறுவனம் செய்த ஜெட் விமானமான கேசி-390 வேகமானது, 26 டன் சுமப்பது. ஆயினும் முதல் விமானம் பிரேசில் படைக்கே 2019 செப்டம்பரில்தான் கிடைத்தது. எஞ்சியது, பழைய ஹெர்குலிஸின் புதிய தலைமுறையான சி-130ஜே.

2020 ஜூனில் நியூசிலாந்து இந்தக் கடைசியைத்தான் தேர்ந்தது. உடல் நீண்ட சி-130ஜே-30 வகையில் ஐந்து விமானங்கள், அவற்றோடு சொந்த நாட்டிலேயே வைக்க ஒரு முழுநிலை சிமுலேட்டர், தொடர்புடைய கட்டமைப்புகள். மொத்தம் 152 கோடியே 10 லட்சம் நியூசிலாந்து டாலர். 2024 செப்டம்பரில் முதல் விமானம் வெனுவாபாயில் இறங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஐந்தும் வந்துவிட்டன. இதே குடும்பத்தின் மூத்த விமானம் முதலில் பறந்தது 1954இல். எழுபதாண்டு பழைய வடிவத்தை மறுபடி வாங்குவதா என்று இளக்காரமாகப் பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கு விடை சொல்ல வேண்டுமானால் சிறுபடையின் கணக்கைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

ஐந்து விமானங்கள் உள்ள படையில் ஐந்தும் ஒருநாளும் ஒருசேரப் பறப்பதற்குத் தயாராக இரா. ஒன்று பெரிய பராமரிப்பில் பிரித்துப் போடப்பட்டிருக்கும். இன்னொன்று சிறு சோதனையில் அல்லது உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும். வேறொன்று இளம் விமானிகளின் பயிற்சிக்குப் போயிருக்கும். பேரிடர்ச் செய்தி வரும் இரவில் உறுதியாகக் கையில் இருப்பவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்று கிளம்பும்போது மக்கர் செய்தாலும் மற்றது போகும். இதுவே ஐந்தின் பொருள். இரண்டே விமானங்கள் உள்ள படை இக்கணக்கில் என்னவாகும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்: பல நாள்கள் ஒன்று, சில நாள்கள் ஒன்றுமில்லை. 77 டன் சுமக்கும் சி-17 ஒன்றோ இரண்டோ வாங்கியிருந்தால் அணிவகுப்பில் பெருமிதமாக இருந்திருக்கும். ஒன்று பட்டறைக்குப் போனதும் பாதிப் படை பட்டறையில் என்றாகியிருக்கும். போதாக்குறைக்குத் தயாரிப்பு நின்றுபோன விமானத்தின் உதிரிபாகத்தைப் பெரிய வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று வாங்கியிருக்கவேண்டும். சி-17 கைநழுவியது நல்லதே என்று மேலே நாம் சொன்னதன் காரணம் இது.

இத்தேர்வில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஹெர்குலிஸின் வயிறு மூன்று மீட்டர் அகலம்தான்; நீளம் கூடியதே தவிர அகலம் கூடவில்லை. நியூசிலாந்தின் என்எச்90 வகை ஹெலிகாப்டர் அதற்குள் நுழையாது. அதை ஏற்றிச்செல்ல 'கான்டர்பரி' என்னும் கப்பல்தான் கதி. கப்பலுக்கு நாள்கள் ஆகும். ஏ400எம் வாங்கியிருந்தால் இக்குறை தீர்ந்திருக்கும் என்று வாதிடுவோரின் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் தேவைக்காக வாரந்தோறும் வரும் தேவையைப் பணயம் வைக்கலாகாது. சிறிய படை தன் அபூர்வத் தேவையைப் பிறரிடம் இரவல் வாங்கலாம். அன்றாடத் தேவையை இரவல் வாங்கினால் அது படையன்று.

இரவல் என்றதும் துணைவலி நினைவுக்கு வருகிறது. வலியறிதல் அதிகாரம் எண்ணும் வலிமைகளுள் துணைவலியும் ஒன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள். விமானத் தேர்வில் இதற்கு மிக நேரடியான பொருள் உண்டு: பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஓட்டுகிறார்? ஆஸ்திரேலியா சி-130ஜே வைத்திருக்கிறது. 2023இல் மேலும் இருபது வாங்குவதாகவும் அறிவித்தது. அமெரிக்காவும் அதையே பெரும் எண்ணிக்கையில் ஓட்டுகிறது. நடுவழியில் பழுதான நியூசிலாந்து விமானத்துக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் அது அண்டைப் படையின் கிடங்கிலிருந்து கிடைக்கக்கூடும். ஆஸ்திரேலியத் தொழில்நுட்பர் ஒருவர் கழற்றி மாட்டத் தெரிந்தவராக இருப்பார். விமானத்தின் சிறப்பைவிட இந்தப் பொதுமை பெரிது.

இதே அளவுகோல் வேறோரிடத்தில் வேறு விடை தந்திருக்கிறது. நெதர்லாந்தும் சிறிய படைதான். அதனிடமும் நான்கு பழைய ஹெர்குலிஸ்கள் இருந்தன. 2022 ஜூனில் அது சி-130ஜேயை விட்டுவிட்டு எம்பிரேயரின் சி-390ஐத் தேர்ந்தது. எண்ணிக்கையையும் நான்கிலிருந்து ஐந்தாக உயர்த்திக்கொண்டது. 2024இல் ஆஸ்திரியாவோடு சேர்ந்து ஒன்பது விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன்பே போர்ச்சுகலும் ஹங்கேரியும் அதே விமானத்தை வாங்கத் துணிந்திருந்தன. ஒருவர் மட்டும் வாங்கினால் புதுமை என்பது ஆபத்து. அக்கம்பக்கத்தார் நால்வர் வாங்கினால் அதுவே பொதுமையாகிவிடுகிறது. இரு நாடுகளும் ஒரே கேள்வியைக் கேட்டு இருவேறு விடைகளை அடைந்தன. இரண்டும் சரியே என்பது நம் துணிபு. ஹங்கேரியின் பாப்பா தளத்தில் பன்னிரண்டு நாடுகள் கூடி மூன்று சி-17 விமானங்களை 2009 முதல் பங்கிட்டு ஓட்டுவதும் இந்தத் துணைவலியின் இன்னொரு வடிவமே. தனக்கென ஒன்றரை விமானம் வேண்டியவன் இரண்டு வாங்கித் திண்டாடுவதைவிட இது அறிவுடைமை.

இவ்வளவு பணத்தை மருத்துவமனைக்குச் செலவிடலாமே, அவசரத்துக்கு வாடகை விமானம் அமர்த்திக்கொள்ளலாமே என்ற வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அமைதியான நாளில் அது நல்ல வாதம். ஆனால் வாடகை விமானம் நமக்குத் தேவைப்படும் அதே நாளில் எல்லோருக்கும் தேவைப்படும். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது பயணிகள் விமானச் சேவை நின்றுபோயிற்று. எந்த வாடகைக்கும் வருவாரில்லை. அன்று நியூசிலாந்தின் ஐம்பது வயது கடந்த ஹெர்குலிஸ் ஒன்று வளைகுடாவிலிருந்து காபூலுக்குச் சென்று மக்களை மீட்டு வந்தது. சொந்தச் சரக்கு விமானம் இல்லாத அயர்லாந்து தன் குடிமக்களுக்காகப் பிற நாட்டு விமானங்களில் இடம் கேட்கவேண்டியிருந்தது. 2024 மே மாதம் நியூ கலிடோனியாவில் கலவரம் மூண்டு விமானநிலையம் மூடப்பட்டபோதும் சிக்கிய சுற்றுலாப் பயணிகளை அழைத்துவர ஹெர்குலிஸே போயிற்று. மருத்துவமனையும் இத்தகைய விமானமும் ஒரே வகைச் செலவு. இரண்டிலுமே, நோயாளி வந்தபின் கட்டிடம் கட்டத் தொடங்க இயலாது.

இவ்வளவும் சொன்னபின் இன்றைய நிலை பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் நியூசிலாந்து அரசு, முப்பதாண்டுகளைக் கடந்துவிட்ட இரண்டு 757களுக்கும் மாற்றாக ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் வகையில் இரண்டு விமானங்களை அறிவித்தது. விமானத் தேர்வில் நமக்குக் குறையில்லை. ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர் வீச்சு என்று தயாரிப்பாளர் சொல்லும் விமானம், கணக்குப்படி பனிக்கண்டம் வரை போய், இறங்க வழியில்லாவிட்டால் அப்படியே திரும்பிவர வல்லது. 2013இல் நிகழ்ந்தது மறுபடி நிகழாதிருக்க இது பெரிய உறுதி. உலகெங்கும் விமானச் சேவைகள் ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்தது ஆகையால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. ஆயினும் எண்ணிக்கை மறுபடியும் இரண்டு! ஜான் கீயும் லக்சனும் வழியில் நின்றதற்கு விமானத்தின் முதுமை பாதிக் காரணம். இரண்டு என்ற எண் மீதிக் காரணம். புதிய விமானம் முதல் பாதியைத்தான் தீர்க்கும். ஐந்து ஹெர்குலிஸ் வாங்கியபோது இருந்த கணக்கறிவு இங்கே ஏன் இல்லாமற்போனது என்று அந்நாட்டார் கேட்கவேண்டும்.

சிறுபடைக்கு விமானம் தேர்வோர் எது சிறந்த விமானம் என்று தொடங்கினால் வழிதவறுவார்கள் என்பதே நாம் சொல்லவந்தது. எங்கே இறங்கவேண்டும், எத்தனை இருந்தால் ஒன்றாவது எப்போதும் கிளம்பும், பழுதானால் யார் கைகொடுப்பார், என்றைக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பவையே கேள்விகள். இவற்றுள் கடைசிக் கேள்வியில் நியூசிலாந்து பத்தாண்டுகளேனும் பிந்தியது. சி-130ஜே 1990களின் இறுதியிலிருந்தே விற்பனையில் இருந்தது. 2020இல் அதன் நற்பண்புகள் எதுவும் புதிதாகத் தோன்றிவிடவில்லை. அறுபதாண்டு உழைத்த விமானங்களுக்கு விடைகொடுத்தபோது அந்நாட்டு மக்கள் நன்றியோடு கையசைத்தார்கள். அந்த நன்றி அவற்றைப் பழுதுபார்த்தே காத்த தொழிலாளர்களுக்கு உரியது. முடிவைத் தள்ளிப்போட்ட அமைச்சரவைகள் அதில் பங்கு கேட்கலாகாது. புதிய ஐந்து விமானங்களின் மாற்றுக்கான கோப்பை எந்த ஆண்டில் திறக்கவேண்டும் என்பதை இன்றே எழுதி வைத்துவிட்டால், அடுத்த தலைமுறையாவது காலமறிதலைத் தேர்வுக்கு மட்டும் படிக்காமல் தப்பிக்கும்.